சந்தா கட்டிய கைகள்: ஊவாத் தோட்டப் பெண்களும் சமாதானத்தின் செலவும்

இரண்டாம் வருடத்தில் எங்களுக்குப் பெண்கள், சமாதானம், பாதுகாப்பு என்று ஒரு பாடப்பகுதி வந்தது. வாசிக்கத் தந்த முதல் ஆவணம் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் இலக்கத் தீர்மானம். போரைத் தடுப்பதிலும், சமாதானப் பேச்சிலும், அதற்குப் பிறகு நாட்டைத் திருப்பிக் கட்டுவதிலும் பெண்களுக்குச் சம இடம் வேண்டும் என்று பாதுகாப்புச் சபை முதல் தடவையாகச் சொன்ன தீர்மானம் அது. மேலே தேதி இருந்தது: 2000 ஒக்டோபர் 31.

எனக்கு அந்தத் தேதியைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்னால், ஒக்டோபர் 25ஆம் தேதி காலையில், பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. உள்ளே இருந்த 41 தமிழர்களில் 27 பேர் கொல்லப்பட்டார்கள். சிலர் சின்னப் பிள்ளைகள். ஆயுதத்தோடு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. மேல் நீதிமன்றம் 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. 2005இல் உயர் நீதிமன்றம் மிச்சமிருந்தவர்களையும் விடுதலை செய்தது. இன்றைக்கு அந்தக் கொலைகளுக்காகச் சிறையில் ஒருத்தரும் இல்லை.

நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனா அந்தப் பேர் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் பதுளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். வகுப்பு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணி, அந்தக் கிழமை எங்கே இருந்தீங்க என்று கேட்டேன்.

"எங்க போறது புள்ள? காம்பராலதான் இருந்தோம். லைட்டெல்லாம் அணைச்சிட்டு எல்லார் வீட்டுப் புள்ளைங்களையும் ஒரே காம்பரால போட்டுக்கிட்டு, பொம்பளைங்கதான் வாசல்ல முழிச்சிருந்தோம். கீழ கிராமத்துலருந்து ஒரு சிங்கள அக்கா ஆள் அனுப்பிச்சாங்க, ரெண்டு நாளைக்கு ரோட்டுப் பக்கம் எறங்காதீங்கன்னு. ஒங்க அம்மாயி அரிசி, மாவு எல்லாம் சேத்து ஒண்ணாச் சமைச்சாங்க."

அதாவது காவல், எச்சரிக்கைச் செய்தி, சாப்பாடு. பாடத்தில் பெரிய பெரிய சொல்லில் எழுதியிருப்பதை அவங்க செஞ்சிருக்காங்க. அதற்கான அரிசியும் அவங்க அரிசிதான்.

அடுத்த வகுப்பில் "மோதலால் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள்" என்று ஒரு வரைபடம் காட்டினார்கள். வடக்கும் கிழக்கும் நிறம் பூசி இருந்தது. ஊவா வெள்ளையாக இருந்தது. சமாதானத்துக்கென்று வருகிற பணம் ஏறக்குறைய அந்த நிறத்தைப் பார்த்துத்தான் போகிறது. வடக்கு கிழக்குக்குப் போனது அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே நடந்த அழிவோடு யாரும் போட்டி போட முடியாது. என் கேள்வி வேறு. எங்கள் பக்கத்துப் பெண்கள் இவ்வளவு காலமாகச் சமாதானத்துக்குச் செலவழித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை யார் எழுதினார்கள்?

அரைச் சம்பளமும் முழுச் சந்தாவும்

ஊவா என்றால் பாடசாலைப் புத்தகத்தில் 1818 கிளர்ச்சி வரும். அதற்குப் பிறகு கோப்பி, தேயிலை, ரயில் பாதை என்று இரண்டு பந்தி. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நமுனுகுல, பசறை, மடுல்சீமை, தெமோதரை, ஹப்புத்தளை என்று மலையெல்லாம் அதற்கு முன்னமே தோட்டங்களாகிவிட்டன. அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதிலேயே ஆணுக்கு ஒரு வீதம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒரு வீதம் என்று எழுதி வைத்தார்கள். அந்த வித்தியாசம் போக அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. சம்பளம் குறைவு என்பது பாதிக் கதை. அந்தச் சம்பளத்தையும் பல தோட்டங்களில் புருஷன்மாரோ அப்பன்மாரோதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். தோட்டப் பெண் தொழிலாளர் பற்றி ஆராய்ந்த ரேச்சல் குரியன் இதைப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் அம்மாயி காலத்திலும் இதுதான் வழக்கம்.

1930களில் தொழிற்சங்கங்கள் தோட்டத்துக்குள் வந்தன. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரோடு கூடவே மேடை ஏறியவர் மனைவி மீனாட்சி அம்மாள். துரைமாரின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாத காலம். எழுத்துத் தெரியாத சனத்துக்கு, அவர்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே பாட்டுக் கட்டிப் பாடி, அரசியல் சொல்லிக் கொடுத்தார் அவர். இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பற்றிய அவருடைய பாட்டுகள் 1940இல் சிறு நூலாக வந்தன. சாரல் நாடன் தேடி எழுதியிருக்காவிட்டால் அவரை நாங்கள் "நடேசய்யரின் மனைவி" என்று மட்டும்தான் அறிந்திருப்போம்.

அதே 1940இல் வேலைநிறுத்த அலை ஒன்று கிளம்பியது. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். அலை ஊவாவுக்கு இறங்கியது. மே மாதம் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். தோட்டத்துரை அந்தச் சபையைக் கலந்துதான் முடிவெடுப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. சட்டம் ஒழுங்கைக் காக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதத்தையே தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். பிறகு பொலிஸ் அடக்குமுறையும் வெள்ளமும் சேர்ந்து அந்தப் போராட்டத்தை முடித்தன. வெள்ளத்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஊவா நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

இதை நான் மூன்று இடங்களில் படித்தேன். மூன்றிலும் சமசமாஜத் தலைவர்களின் பெயர் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. ஒரு கிழமை துண்டிக்கப்பட்டுக் கிடந்த ஊவாவின் தோட்டத்தில், சம்பளமும் இல்லாமல், யார் எதைப் போட்டுச் சமைத்தார்கள்? வேலைநிறுத்தம் என்றால் தோட்டத்தில் எப்போதுமே அரிசிப் பானைதான் முதல் பிரச்சினை. அந்தச் செலவை வரலாறு எழுதவில்லை.

சந்தா விஷயமும் இப்படித்தான். தொழிற்சங்கச் சந்தா சம்பளத்திலேயே கழிக்கப்படும். தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்கள் என்றால் சந்தாவிலும் பெரும் பங்கு அவர்களுடையதுதான். அந்தக் காசில் சங்கங்கள் வளர்ந்தன, கட்டடங்கள் எழுந்தன, வாகனங்கள் வந்தன. தோட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு மாதர் தலைவி என்று வைத்தார்கள். மே தினத்துக்கு ஆள் சேர்ப்பது, வரவேற்புக்கு ஆலாத்தி எடுப்பது மாதர் தலைவியின் வேலை. முதலாளிமாரோடு சம்பளப் பேச்சுக்குப் போவது அவர் வேலை இல்லை.

வாக்குப் போனது, வரிப்பணமும் போனது

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள், கூடவே வாக்கும் போனது. 1952இல் அந்த ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதை நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். அதன் பணக் கணக்கை யாரும் கற்றுத்தரவில்லை. வாக்கு இல்லாத இடத்துக்கு ரோடு வராது, ஆஸ்பத்திரி வராது, பள்ளிக்கூடம் வராது. சங்கம் பதிய, கடன் எடுக்க, காணி கேட்க, எல்லாவற்றுக்கும் முதலில் பிரஜை என்ற துண்டு வேண்டும். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அம்மாயியின் அக்கா குடும்பம் ஒப்பாரிக் கோச்சியில் ஏறியது. தலைமன்னார் வரை போகும் அந்த ரயிலுக்குச் சனம் வைத்த பேர் அது.

குடியுரிமை திரும்பக் கிடைத்த பிறகும் கதை முடியவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது. தோட்டத்தாரும் வாக்குப் போடுவார்கள், உறுப்பினரைத் தெரிவு செய்வார்கள், ஆனால் அந்த உறுப்பினர் லயத்துக்கு ஒரு பைப் போட்டுத் தரவும் சட்டம் குறுக்கே நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல். யோசித்துப் பாருங்கள். அரசாங்கத்தின் சொந்தப் பணத்துக்கே முப்பது வருடம் தோட்டத்து வாசல் பூட்டு.

அந்த இடைவெளியை நிரப்பியது யார்? கூடிச் சீட்டுப் பிடித்த பெண்கள். சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்க்கும் மரண உதவிச் சங்கம். தேர், திருவிழாவுக்கு மாதச் சம்பளத்தில் ஒதுக்கும் பணம். எங்கள் சிவில் சமூகம் இந்தக் கொப்பிகளில்தான் இருந்தது. பேர்தான் அப்போது வேறு.

எரிந்த டவுனும் அடுத்த வருடமும்

1977, 1981, 1983. மூன்று தடவையும் மலையகம் தப்பவில்லை. 1983 ஜூலைக் கடைசி வாரம் பதுளை டவுனில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிர்களும் போயின. 1977க்குப் பிறகே நிறையத் தோட்டக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. காந்தியம் அமைப்பு அதில் உதவியது. பாதுகாப்புத் தேடிப் போன அந்தக் குடும்பங்கள்தான் பிறகு வன்னியில் போருக்குள் மாட்டிக்கொண்டன. "போர் மலையகத்தைத் தொடவில்லை" என்று சொல்பவர்கள் இந்தப் பாதையை ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

1983க்குப் பிறகு நடந்த ஒன்று எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒன்பது மாதம் கழித்து, 1984 ஏப்ரலில், அவசரகாலச் சட்டம் இருக்கும்போதே, தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பலனாகத்தான் 1927 சட்டம் எழுதி வைத்த வித்தியாசம் போனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. வீடு எரிந்து ஒரு வருடம் ஆகவில்லை. ரோட்டில் இறங்கவே பயம். அந்த நேரத்தில் மலையில் இறங்காமல் நின்ற பெண்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

அதே காலத்தில் நாட்டின் மற்றப் பக்கங்களிலும் பெண்கள் திரண்டார்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு. 1990இல் தெற்கில் இன்னொரு அன்னையர் முன்னணி, 1987-89 பயங்கரத்தில் காணாமல் போன சிங்களப் பிள்ளைகளைக் கேட்டு. எங்கள் மாகாணத்தின் மற்றப் பாதியான மொனராகலையிலும் சிங்கள விவசாயப் பெண்கள் ஊவா வெல்லஸ்ஸ பெண்கள் அமைப்பு என்று சேர்ந்தார்கள். சிறு குழுக்களாகக் கூடிச் சேமித்து, காணிக்கும் விதைக்கும் குரல் கொடுத்தார்கள். வெளிக்காசு வந்தாலும் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும் என்ற அத்திவாரம் அந்தச் சேமிப்புதான். இதைக் கடைசியில் மறுபடியும் சொல்கிறேன்.

மேசையும் கதிரையும்

பிந்துனுவெவக்குப் பிறகு தலவாக்கலை, ஹற்றன் பக்கமெல்லாம் ஆர்ப்பாட்டம், ஊரடங்கு. பிறகு 2002இல் யுத்த நிறுத்தம். சமாதானப் பேச்சின் ஒரு பகுதியாகப் பெண்கள் பிரச்சினைக்கென்று ஒரு உபகுழு அமைத்தார்கள். அரசாங்கத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். 1325 சொன்னதை இலங்கை செய்து பார்த்த ஒரே நேரம் அது. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் முதல் கூட்டம் நடந்தது. ஏப்ரலில் பேச்சு நின்றது, குழுவும் நின்றது.

அரசாங்கத் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் குமாரி ஜயவர்தன. தோட்டப் பெண்களைப் பற்றி இந்த நாட்டில் மிக ஆழமாக எழுதியவர்களில் ஒருவர். 2015இல் ரேச்சல் குரியனோடு சேர்ந்து தோட்டங்களின் இருநூறு வருட அதிகாரத்தையும் எதிர்ப்பையும் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். ஆகவே அந்த மேசையில் தோட்டப் பெண்களின் வரலாறு தெரிந்தவர் இருந்தார். தோட்டங்களின் சார்பில் ஒரு அமைப்பும் இருக்கவில்லை. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு தரப்புப் போர் என்று பார்த்தால் மூன்றாவது கதிரை யாருக்கும் ஞாபகம் வராது. அந்த மார்ச் மாதத்தில் மலையகத்தில் இன்னும் நாடற்றவர்கள் இருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 35ஆம் இலக்கச் சட்டம் அந்த வருடக் கடைசியில்தான் நிறைவேறியது.

1325க்கு 15 வருடம் ஆனபோது, அது எவ்வளவு நடந்தது என்று பார்க்க ஐ.நா. உலகளாவிய ஆய்வு ஒன்று செய்தது. அதற்குத் தலைமை எழுத்தாளர் எங்கள் நாட்டு ராதிகா குமாரசுவாமி. பணம் இல்லாததுதான் மிகப் பெரிய தடை என்று அந்த ஆய்வு சொன்னது. சமாதானத்துக்கும் பாதுகாப்புக்கும் போகிற நிதியில் குறைந்தது 15 சதவீதம் பெண்களின் தேவைக்கென்று ஒதுக்கச் சொன்னது. 2016இல் பெண்களின் அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுக்க ஒரு தனி நிதியமும் தொடங்கினார்கள். ஆனாலும் மோதல் பாதித்த நாடுகளுக்குப் போகிற உதவியில் பெண்கள் அமைப்புகளின் கைக்கு நேராகப் போவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் அறிக்கைகள் வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இலங்கை தன்னுடைய தேசிய செயற்திட்டத்தை 2023இல்தான் ஏற்றுக்கொண்டது. தீர்மானம் வந்து 23 வருடம்.

புரொஜெக்ட் வந்த கதை

எங்கள் தோட்டத்துக்கும் ஒருமுறை சமாதானப் பணம் வந்தது. நான் பத்தாம் வகுப்பு. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடந்தது என்று பிறகு பல தோட்டத்துப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அதற்கு முன்னமே அம்மாவும் இருபத்தி மூன்று பெண்களும் ஒரு சின்ன மாதர் சங்கம் வைத்திருந்தார்கள். மாதம் 50 ரூபாய் சந்தா. கணக்கு ஒரு சி.ஆர். கொப்பியில். சண்டை வந்த வீட்டுக்குப் போய்ப் பேசுவது, குடித்துவிட்டு அடிக்கும் ஆளை நாலு பேர் சேர்ந்து தட்டிக் கேட்பது, கிராமத்தோடு தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் அங்கத்தைய பெண்களோடு பேசித் தீர்ப்பது. கிராமத்துப் பெண்களோடு வெசாக்குக்கு ஒரு தன்சல், தீபாவளிக்குப் பலகாரம் என்று கொடுக்கல் வாங்கல் இருந்தது. அந்தப் பழக்கம்தான் பிந்துனுவெவ நேரம் செய்தி அனுப்பிய அந்த அக்காவிலிருந்து வந்தது.

புரொஜெக்ட் வந்ததும் சங்கத்துக்குப் புதுப் பேர் வந்தது, "சமாதானக் குழு" என்று. பெனர் அடித்தார்கள். பதுளையில் ஹோட்டலில் பயிற்சி, சாப்பாடு, பைல், பேனா. ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். அதற்குக் காசு கொடுக்க வரவு செலவில் இடமில்லை என்றார்கள். போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் கையெழுத்து வாங்கினார்கள். அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போனது. அம்மாக்கள் சொன்ன தண்ணீர்ப் பிரச்சினையும் தவறணைப் பிரச்சினையும் அந்தக் கட்டத்துக்குள் வராது, "இன நல்லிணக்கம்" மட்டும்தான் வரும் என்றார்கள். பதினெட்டு மாதத்தில் காசு முடிந்தது. நல்லாப் பேசிய அந்த உத்தியோகத்தர் அக்கா அழுதுகொண்டுதான் விடைபெற்றார். அவருக்கும் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய சேதம். பழைய 50 ரூபாய்ச் சந்தாவைத் திரும்பக் கேட்டபோது பாதிப் பேர் தரவில்லை. "அதான் வெளிநாட்டுக் காசு வந்துச்சே, அது எங்க?" என்று கேட்டார்கள். வராத காசுக்கு அம்மா கணக்குச் சொல்ல வேண்டி வந்தது. சங்கம் ஒரு வருடம் கூடவில்லை. அந்த வருடத்தில் நுண்கடன் கொம்பனிக்காரர்கள் வந்தார்கள். கூட்டமாக உட்கார வைத்து, ஒருத்திக்கு மற்றவள் பிணை என்று கடன் கொடுத்தார்கள். சங்கத்தில் ஒன்றாக உட்கார்ந்த அதே பெண்கள், தவணை கட்டாதவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டி வந்தது. ஒற்றுமையைக் கட்டுவதும் உடைப்பதும் எந்தப் பணம், எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதைப் பொறுத்தது என்று அப்போதுதான் நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போ காசே வேண்டாமா?

இதைச் சொன்னால் சிலர் உடனே, "அதுதான் என்.ஜி.ஓ. காசே வேண்டாம், சனமே பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்கும் பெண் மட்டும் ஏன் சமாதானத்தை இலவசமாகச் செய்ய வேண்டும்? போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு வரவு செலவுத் திட்டத்தின் பெரிய ஒதுக்கீடுகளில் ஒன்று. அங்கே யாரும் "தியாகமாகச் செய்யுங்கள்" என்று சொல்வதில்லை.

பாதுகாப்பு என்றால் என்ன என்பதையும் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்த மீரியபெத்த. மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, சனம் போக வேறு காணி இருக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்ணிடம் பாதுகாப்பு என்ன என்று கேட்டால் துவக்கைப் பற்றி அவள் கடைசியாகத்தான் சொல்வாள். முதலில் மண்மேடு, பிறகு இரவில் கக்கூசுக்குப் போகும் பாதை, பிறகு தவறணை, பிறகு கடன்காரன். இந்த வரிசையில் பணம் கொடுக்கும் ஒரு திட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே காசு வேண்டும், வருகிற விதம் மாற வேண்டும். என் பார்வையில் மூன்று விஷயம்.

முதலாவது, கூட்டம் கூடுவதற்கே காசு வேண்டும். பயிற்சிக்கு வந்தால் போகும் நாட்பேர், செயலாளரின் பஸ் காசு, சங்கத்துக்கு ஒரு அறை வாடகை. பெனருக்கு இருக்கும் பணம் இதற்கு ஏன் இல்லை? பதினெட்டு மாதத்தில் எந்தத் தோட்டத்திலும் நம்பிக்கை வளராது. ஐந்து வருடம், சின்னத் தொகை, அது போதும்.

இரண்டாவது, தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பம். மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை கேட்டால் சி.ஆர். கொப்பிச் சங்கம் எப்போதும் வெளியேதான். பெண்கள் சேர்ந்து பெண்களுக்கென்று நிதி சேர்க்கும் முயற்சி நமக்குப் புதிதில்லை. 2004இல் இலங்கையைத் தளமாக வைத்துத் தொடங்கிய தெற்காசியப் பெண்கள் நிதியம் இன்றைக்கு ஆசியப் பெண்கள் நிதியமாக வளர்ந்திருக்கிறது. அந்த மாதிரி நிதி பசறைக்கும் லுணுகலைக்கும் இறங்கி வர வழி வேண்டும்.

மூன்றாவது, சொந்த நிதியை உடைக்காத பணமாக இருக்க வேண்டும். மொனராகலைப் பெண்களைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? வெளிக்காசு சங்கத்தின் சொந்தச் சேமிப்புக்கு மேலே வர வேண்டும். அதற்குப் பதிலாக வந்தால், போகும்போது சங்கத்தையும் கொண்டு போய்விடும். எங்கள் தோட்டத்தில் அதுதான் நடந்தது.

2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குள் போனது இதுதான் முதல் தடவை. கட்சி எதுவாக இருந்தாலும் அன்றைக்கு எங்கள் லயத்தில் சந்தோஷம். மேசையில் ஒரு கதிரை வந்துவிட்டது. வரவு செலவு வாசிக்கும்போது அந்தக் கதிரையிலிருந்து யாராவது மீரியபெத்தவையும் சி.ஆர். கொப்பியையும் ஞாபகப்படுத்துவார்களா என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அதை ஞாபகப்படுத்த எழுதிக் கொடுப்பது எங்களைப் போல கம்பஸ் வந்த பிள்ளைகளின் வேலை என்றும் நினைக்கிறேன்.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டினார். கூட்டம் நின்ற ஒரு வருடம் வெறும் பக்கமாக விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பதினொரு பெயர். இப்போது சந்தா 100 ரூபாய். சில பெயருக்கு நேரே "அடுத்த மாசம்" என்று எழுதியிருந்தது.

"ஏன்மா இந்தப் பக்கத்தை எல்லாம் சும்மா விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்த வருஷக் கணக்க யாராச்சும் கேட்டா காட்டணும்ல" என்றார்.

அந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். என்னுடைய கடைசி வருட ஆய்வு அதைப் பற்றித்தான். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு கொப்பி எந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியிலாவது இருக்கும். கறையான் அரிப்பதற்கு முதல் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.